திருப்பி வைத்த பீரங்கி

கடலோரக் கோட்டை ஒன்றின் மதிலில் ஒரு பழைய பீரங்கி இருந்தது. அதன் வாய் எந்நாளும் கடலைப் பார்த்தே இருந்தது. கோட்டையைச் சுற்றுலாத் தலமாக்க வந்தவர்கள் அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். போட்டோவில் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று சொல்லி, அதை ஊர்ப் பக்கமாகத் திருப்பியும் வைத்தார்கள்.

பீரங்கி பதறிப்போனது. "காக்கா, இவங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? என் வயித்துல சுடாத குண்டு ஒண்ணு வெடிமருந்தோட அப்படியே கிடக்கே!"

மதில்மேல் உட்கார்ந்திருந்த காகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருமே உள்ள பாக்கலையா?"

"பெயின்ட் அடிக்கத்தான் அவங்களுக்கு நேரம் இருந்துச்சு."

அன்று சாயங்காலம் ஒரு குடும்பம் மகளின் பிறந்தநாள் கேக்கோடு வந்தது. பீரங்கியின் முதுகில், திரி வைக்கும் துளைக்குப் பக்கத்திலேயே கேக்கை வைத்து, பொறி பறக்கும் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார்கள்.

"மகிழினி, பீரங்கி வாய்கிட்ட கன்னத்த வச்சுக்கிட்டு சிரி பாப்போம்" என்று போனைத் தூக்கிப் பிடித்தார் அப்பா.

காகம் தொண்டை கிழியக் கத்தியது.

"காக்கா கத்துது பாருங்க, வீட்டுக்கு யாரோ விருந்தாளி வரப்போறாங்க" என்றாள் அம்மா.

ஒரு பொறி துளையின் விளிம்பில் விழுந்தது.

மருந்து நனைந்துவிடுமோ என்று ஒவ்வொரு மழைக்கும் பயந்தே காலம் கழித்த பீரங்கி, அன்றுதான் முதல் தடவையாக வானத்தில் மேகத்தைத் தேடியது.