கேட்ட விலை

இருநூற்று அறுபதுக்குக் கேட்டாள்.

செல்பேசியில் பங்கு விலை இருநூற்று எண்பத்துநான்கில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே கடைக்காரர் என்று ஒருவர் இருந்திருந்தால் முறைத்திருப்பார். போணியாகாத நேரத்தில் வந்து வாய்த்ததே என்று முணுமுணுத்திருப்பார். செல்பேசிக்கு முகம் இல்லை. சொன்ன விலையை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

"இம்புட்டு கீழ கேட்டா எவன் குடுப்பான்?" என்றார் கணவர்.

அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

வாங்க மனமில்லாதவர்கள் ஒரு கடையை விட்டு மரியாதையாக இறங்க ஒரே வழி, கட்டாத விலையைக் கேட்பது. இருபத்திரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்து அந்த வித்தையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். இன்றுதான் முதல் தடவையாகத் தானே செய்கிறாள்.

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில், அவர்களுடைய ஜவுளிக்கடைத் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரிகள் காலி. கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். உரிமையாளர் கடை அட்வான்சைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஐந்தே கால் லட்சம்.

புதுக் கடைக்கு எட்டு கேட்கிறார்கள்.

மீதியை ரயில் கொண்டுவந்து இறக்கும் என்பது அவர் கணக்கு. ரயில் பெட்டி செய்கிற கம்பெனியின் பங்கு. ஒரு வாரமாக அதே பேச்சு.

"கக்கூஸ் வாசல்ல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு வர்றான் ஜனம். அதுக்கும் டிக்கெட் எடுக்குறான். பெட்டி பத்தலங்குறான். இந்த யாவாரம் படுக்குமா?"

கூட்டம் நிற்கிற கடையெல்லாம் லாபத்தில் ஓடுவதில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் கடை போன பிறகு அவர் முகம் தெளிந்து பேசுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அதனால்தான் வேண்டாம் என்று சொல்லாமல், இருநூற்று அறுபது என்றாள்.

இருநூற்று எண்பத்தொன்று.

"இந்தா, இறங்குறான்ல?"

இறங்கட்டும். பேரம் என்றால் அப்படித்தான். பாதி வழியில் நின்றுகொண்டு, இதுக்கு மேல கட்டாதும்மா என்பார்கள். நிற்காத வியாபாரி கிடையாது.

எழுபத்தேழு.

எழுபத்திரண்டு.

நிற்கவில்லை.

"ஏங்க இறங்குறான்?"

"சந்தைன்னா ஏறும், இறங்கும்."

சும்மா இறங்கிய ஒரு வியாபாரியை அவள் பார்த்ததில்லை. மடிப்புக்குள் கிழிசல் இருந்தால் இறங்குவார்கள். முதல் துவைப்பில் சாயம் போகும் என்று தெரிந்தால் இறங்குவார்கள். கடையைக் காலி செய்கிறவர்கள் இறங்குவார்கள். போன வாரம் அவளே இறங்கினாள். யார் என்ன கேட்டாலும் கட்டிக் கொடுத்தாள்.

துணி என்றால் பிரித்துப் பார்க்கலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கலாம். ஓரத்தை நனைத்துக் கசக்கலாம்.

இதில் எதைக் கசக்குவது?

அறுபத்தேழு.

கையைச் சேலையில் துடைத்தாள். ரத்து என்று ஒரு கட்டம் திரையின் அடியில் இருந்தது. தொட்டால் போதும். கேட்டது கேட்காததாகிவிடும். விரலைக் கொண்டுபோனாள்.

"ஏன், கேட்டுட்டு ஓடுற கிராக்கியா நீ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

விரல் அந்தரத்தில் நின்றது. அப்படிக் கேட்டுவிட்டு ஓடியவர்களை அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவள் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

அறுபத்துமூன்று.

விற்பவர் கறாராக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள். ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய்க்காவது முரண்டு பிடிக்கட்டும்.

அறுபத்தொன்று.



செல்பேசி கையில் அதிர்ந்தது. சின்னதாக ஒரு சத்தம். அட்வான்ஸ் பணத்தில் ஐந்து லட்சத்து இருபதாயிரம் போய், இரண்டாயிரம் பங்கு. இருநூற்று அறுபது.

"பாத்தியா," என்று தொடையில் தட்டினார். "நீ கேட்ட விலைக்கே குடுத்துட்டான். ஒனக்கு முன்னாடி எவனும் நிக்க முடியாது."

அவள் செல்பேசியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"வித்தது யாரு?"

"அது எப்படித் தெரியும்? யாரோ."

"ரெண்டாயிரத்தையும் ஒரே மூச்சுல தூக்கிக் குடுத்திருக்காங்க." குரல் தாழ்ந்துவிட்டது. "அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

"ஒனக்கு எதுலயும் ஒரு ஓட்டை..."

சிரித்தபடியே அவளிடமிருந்து செல்பேசியை வாங்கினார்.

பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருநூற்று ஐம்பத்துநான்கு; இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

சந்தில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு, அவ்வளவு பெரிய காலி இடத்தில், அவர் நகர்ந்து வந்து அவள் தோளை ஒட்டி உட்கார்ந்தார்.