ஒன்பது சதவீதம்

சவப்பெட்டியின் முன்கைப்பிடியைப் பிடித்தபடி தேவாலயப் படியில் இறங்கிய எமரி டுபேயின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "பாவம், கூடப் பிறந்தவரா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

கூடப் பிறந்தவர் இல்லை. நீதிபதி லோர்னா கெச்செலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர். பிற்பாடு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் செனட்டராகப் பதினெட்டு வருடம் இருந்தவர். தன் பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரை லோர்னாவே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். முதல் பெயர் அவருடையது.

"வேற யாரையாவது போட்டுக்கோ ஹாலிஸ். எனக்கு அந்தத் தகுதி இல்ல," என்று முந்தின நாள் அவள் கணவனிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"உனக்காக நான் கூப்பிடல. அவ எழுதி வச்சிருக்கா, செய்யறேன்." முகத்தைப் பார்க்காமலே சொன்னான் ஹாலிஸ்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், லோர்னாவின் பெயரை மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஜனாதிபதி பரிந்துரைத்திருந்தார். செனட் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அவள் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளின் கயிற்றில் திமிங்கிலங்கள் சிக்கிச் சாகின்றன, வருடத்தில் மூன்று மாதம் கடலில் யாரும் கூண்டு இறக்கக் கூடாது என்று. கடற்கரை முழுக்கக் கொதித்துக் கிடந்தது. எமரிக்கோ நவம்பரில் தேர்தல்.

"அவளுக்கு ஓட்டுப் போட்டா நான் தோத்துடுவேனா? அதை மட்டும் சொல்லு," என்று மெர்லைப் பிடித்து உலுக்கினார். மெர்ல் ஹாஸ்கின்ஸ் அவருக்காக ஜனங்களிடம் போனில் கருத்துக் கேட்டு எண்ணிக்கை சொல்கிறவன். முந்தின இரண்டு தேர்தலிலும் அவன் சொன்னது பிசகியதில்லை.

அந்த ஜனவரியில் மெய்னில் பனிமழை கொட்டி, மரமும் கம்பமும் சாய்ந்து, ஊர் ஊராக இருண்டு கிடந்தது. வாஷிங்டனில் இருந்த எமரியால் பத்து நாளாக மனைவியிடம்கூடப் போனில் பேச முடியவில்லை. ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மெர்ல் கையில் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"எழுநூறு பேர்கிட்ட கேட்டாச்சு. ஆதரிச்சா ஒன்பது சதவீதம் ஓட்டு கழண்டுக்கும். எதிர்த்தா ஜெயிச்சுடலாம்."

"உறுதியா?"

"உறுதி."

மறுநாள் சபையில் எழுத்தர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். "மிஸ்டர் டுபே?"

"இல்லை," என்றார் எமரி.

எதிர்த்து ஐம்பது, ஆதரித்து நாற்பத்தொன்பது. ஒரே ஓட்டில் லோர்னா தோற்றாள். நவம்பரில் எமரி ஜெயித்தார்.

அவள் பழைய நீதிமன்றத்துக்கே திரும்பினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தபாலாபீசில் எதிர்ப்பட்டால், "முட்டி வலி எப்படி இருக்கு எமரி?" என்று விசாரிப்பாள். திட்டியிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பதவி முடிந்து ஊரோடு வந்த பிறகும் அது அவரை விடவில்லை. வங்கியிலோ மருத்துவமனையிலோ யாராவது "மிஸ்டர் டுபே?" என்று கூப்பிட்டால் போதும், "இல்லை" என்று வாய் தானாக முணுமுணுக்கும். கூப்பிட்டவர்கள் குழம்பிப்போய் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் சூப்பும் காபியும் கொடுத்தார்கள். எமரிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான் மெர்ல். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

சூப்புக் கிண்ணத்தோடு போன கிழட்டு மீனவன் ஒருவன் எமரியின் தோளைத் தட்டினான். "அந்தம்மா மேல எனக்கு அப்ப கொலைவெறி. ஆனா நேர்மையான மனுஷி, அதைச் சொல்லணும்."

எமரி நிமிர்ந்தார். "நான் அவளை ஆதரிச்சிருந்தா, நீ எனக்கு ஓட்டுப் போட்டிருப்பியா?"

"இதென்ன கேள்வி? எங்க வீட்ல எங்க தாத்தா காலத்துலேர்ந்து உங்க கட்சிதான். நீங்கன்னு இல்ல, ஒரு வாத்தைக் கொண்டாந்து நிறுத்தினாலும் போட்டிருப்போம். தப்பா எடுத்துக்காதீங்க!" சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

எமரி மெர்ல் பக்கம் குனிந்தார். "இவன் ஒருத்தன். இவன் பேச்சை வச்சு என்ன சொல்ல முடியும்? நீ எழுநூறு பேர்கிட்ட கேட்டவன். வேற வழி இல்லாமத்தானே நான் செஞ்சேன்?"

மெர்ல் காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மெர்ல், இத்தனை வருஷமா ஒண்ணே ஒண்ணு உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். அவங்கள்ல ஒருத்தராவது அவளுக்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னாங்களா?"

"நீங்க அப்ப நாலு நாளாத் தூங்கல. என்னைப் பாக்கிறப்பல்லாம் எத்தனை, எத்தனைன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஒரு எண்ணு கையில வந்தாத்தான் உங்களுக்கு மூச்சே வரும் போல இருந்துச்சு."

"அதைக் கேக்கல நான். அந்த எழுநூறு பேர்..."

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"யாரையும் கேக்கவே இல்லை, செனட்டர்."