பதினெட்டாவது நேர்காணல்

மனித குலத்தின் முன்னேற்றத்தில் அக்கறை உள்ளவர்கள் அனைவரும் கவனிக்க: இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏழாவது மாடியில், கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில், ஒரே ஒரு ஜூனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியரைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் பணி தொடங்கியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைமைச் சிற்பி. கல் செதுக்குகிறவர் இல்லை. மென்பொருள் எப்படி அமைய வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறவருக்கு அந்த உலகத்தில் அப்படி ஒரு பட்டம். அவருக்கு வலப்பக்கம் மேலாளர் மேடம். இடப்பக்கம் ஒரு மூத்த பொறியாளர். அவர் வாயைத் திறக்கவே இல்லை என்பதால், விண்ணப்பித்து வந்திருந்தவன் அவருக்கு மௌனசாமி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டான்.

அவனுக்கு இது பதினெட்டாவது நேர்காணல். இதிலும் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் தாய்மாமாவின் டைல்ஸ் கடையில் பில் போட வேண்டும். "கம்ப்யூட்டர்லதானே வேலை வேணும்? நம்ம கடையிலயும் ஒண்ணு இருக்கு" என்று மாமா சொல்லிவிட்டார். அந்தக் கடையில் ஒருமுறை உட்கார்ந்தவன் எழுந்து வந்ததாகக் குடும்பத்தில் சரித்திரம் இல்லை.

சிற்பி தொண்டையைச் செருமினார். கலைந்து கிடக்கும் எண்களை வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். அவன் லேப்டாப்பை எடுக்கப் பையின் ஜிப்பில் கை வைத்தான்.

"அது வேண்டாம். லேப்டாப் இருந்தா யார் வேணும்னாலும் எழுதிடுவான். பேப்பர்ல எழுதுங்க."

அவர்கள் மூவரின் முன்னாலும் லேப்டாப் இல்லை. ஆளுக்கொரு நோட்டும் பேனாவும்தான். கொள்கைப் பிடிப்புள்ள மனிதர்கள் என்று அவனுக்கு மரியாதை கூடியது.

எழுதிக் கொடுத்தான். சிற்பி அதைக் கையை நீட்டிப் பிடித்து, நிலப் பத்திரம் பார்ப்பதுபோல் பார்த்தார். இதையே வேறு மாதிரி எழுத முடியுமா என்றார். எழுதினான். இன்னொரு மாதிரி? அதையும் எழுதினான். மேடம் மூன்று தாள்களையும் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு மேடத்தின் முறை. அவனிடம் உள்ள பெரிய குறை என்ன என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவன் கண்ணாடி முன் நின்று பழகிய பதில் ஒன்று இருந்தது.

"வேலையில இறங்கிட்டா நேரம் போறதே தெரியாது மேடம்."

மேடம் பேனாவை நிறுத்தினார். "இந்தப் பதில் இன்னும் எடுபடுதா?"

"பதினேழு இடத்துல எடுபடலை மேடம்."

மேடம் தன் நோட்டில் எழுதியிருந்த ஏதோ ஒரு வரியை அடித்து நீக்கினார்.

அடுத்து சிற்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு எந்தெந்தக் கம்பெனிக்குப் போனான், எத்தனை சுற்று வைத்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார், என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் விசாரித்தார். மறைத்தால் குணத்துக்கு மார்க் போய்விடும் என்று பயந்து அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். ஓரிடத்தில் ஒரு பேருந்துக்குள் எத்தனை பந்து அடங்கும் என்று கேட்டதையும் விடவில்லை.

"இன்னொரு இடத்துல, நீ மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்பேன்னு கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எறும்புன்னு சொன்னேன்."

"அவங்க?"

"அது மிருகம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின. அப்போதுதான் மௌனசாமி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அந்தக் கம்பெனியில இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?"

அவனுக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. தன்னை அடுத்த கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்று மூன்று பெரிய மனிதர்கள் கவலைப்படுகிறார்கள். பதினேழு முறை குனிந்த முதுகு தானாக நிமிர்ந்தது. அங்கே நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் நேர்காணல் நடக்கிறது என்றும், வராத அழைப்பு தனக்கும் வந்திருக்கிறது என்றும், அவசரப்பட்டு முடிவெடுக்கத் தான் விரும்பவில்லை என்றும் கொஞ்சம் பிகு பண்ணிச் சொன்னான்.

மௌனசாமி பத்து மணி என்பதைக் குறித்துக்கொண்டு, அடியில் கோடு போட்டார். எந்த மாடி என்றும் கேட்டார்.

சிற்பி பேனாவை மூடினார். எழுந்து நின்று கை கொடுத்தார். இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு உபயோகமான ஒரு விண்ணப்பதாரரைத் தான் பார்த்ததில்லை என்றார். மேடமும் கை கொடுத்தார். மௌனசாமி இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

அவன் மனதுக்குள் மாமாவின் கடை ஷட்டர் கீழே இறங்கிவிட்டது. சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"அப்போ நான் எப்ப சார் வேலைக்குச் சேரணும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிற்பி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த ரூம் நாலு மணி வரைக்கும் எங்க பேர்ல புக் ஆகியிருந்துச்சு தம்பி. எங்க மூணு பேரையும் காலையிலேயே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."