மாயன் கோயில் படிகள்

"மாமா, நீங்க சரித்திரம் படிச்சவர். நிஜக் கோயில்ல எத்தனை படி இருக்கு?" என்று கேட்டாள் பக்கத்தாத்து வேதவதி.

கூடத்து மாடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நெட்டியில் செய்த கோயில். தந்தம் போல வெளுப்பு. அடுக்கடுக்காக மேடை, நடுவில் நெட்டுக்குப் படிகள், உச்சியில் சின்ன சந்நிதி. நெட்டித் தண்டில் இப்படிக்கூடச் செய்ய முடியுமா! பிரமித்துப்போய் நின்றேன்.

"என்ன கோயில்னு வாங்கினே?"

"மாயன் கோயில்னு நெட்டிக் கடை பாய் சொன்னார். நம்ம பெருமாள்தானே?"

எனக்குத் திக்கென்றது. மெக்ஸிகோ தேசத்தில் மாயா என்ற பழைய ஜனங்கள் கட்டிய கோயில் இது. நம் மாயவனுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

கீழ்ப்படி ஒன்றில் துளசி இதழ் இருந்தது.

"தையிலேர்ந்து பெருமாள் தினம் ஒரு படி இறங்கறார், மாமா. கடைசிப் படி இறங்கினா அவரைக் கூட்டிண்டு வந்துடுவார்."

'அவர்' அவள் ஆத்துக்காரர். ரங்கூனில் குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒன்றரை வருஷமாகிறது, ஒரு கடுதாசி இல்லை.

"ஆனா முடியப்போறதுன்னு நினைச்சா இன்னும் படி இருக்கு. நான்தான் தப்பா எண்ணறேனோ?"

"பாய் இங்கே வரதுண்டோ?"

"பத்து நாளைக்கொரு தரம் துடைச்சுத் தரேன்னு எடுத்துண்டு போவார். காசே வாங்க மாட்டார்."

எண்ணிப் பார்த்தேன். நூற்றிருபத்தொன்று. வீட்டுக்குப் போய்ப் புஸ்தகத்தைப் புரட்டினேன். தொண்ணூற்றொன்றுதான். எனக்கு வந்ததே கோபம்! ஜட்கா பிடித்துத் தெப்பக்குளத்தண்டை சேக் மைதீன் கடைக்குப் போனேன்.

"பாவப்பட்ட பொண்ணை ஏமாத்தியிருக்கீரே, பாய். பேரும் பொய், படியும் தப்பு."

"உக்காருங்க சாமி. ஒரு தொரை படத்தைக் கொடுத்து, மாயன் கோயில், அலமாரியில வைக்கணும்னாரு. வாங்காமலே சீமைக்குப் போயிட்டாரு. அவரு சொன்ன பேரைத்தான் அந்த அம்மாகிட்டயும் சொன்னேன்."

"படி?"

"செய்யறப்ப தொண்ணூத்தொண்ணுதான் சாமி. பங்குனி முடியறப்ப துடைக்க வாங்கினேன். துளசி கடைசிப் படிக்கிட்ட வந்திருந்துச்சு. அந்த அம்மா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. அடியில ஒரு மேடை சேத்து, பத்துப் படி வச்சுக் கொடுத்தேன். இதுவரைக்கும் அப்படி மூணு மேடை ஆச்சு."

அவர் மடியில் இன்னொரு மேடை பாதி செதுக்கிக் கிடந்தது.

"அந்த மனுசன் வர்ற வரைக்கும் நெட்டிக்கா பஞ்சம்?"

எழுந்து வந்து ஜட்காவில் ஏறினேன்.

திரும்பி வந்தபோது வேதவதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எத்தனை படி மாமா?"

இருபது வருஷமாகக் காலேஜில் ஒரு தேதியைக்கூடத் தப்பாகச் சொல்லாதவன் நான்.

"யாருக்குமே தெரியலைம்மா. இன்னும் தோண்டிண்டிருக்கா. தோண்டத் தோண்டப் படி வந்துண்டே இருக்காம்" என்றேன்.