ஜன்னல் பக்கம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். அன்று அந்த ஹாலில் ஏசி நின்றுபோனதற்குக் காரணம் மின்சாரம் அல்ல. சின்னவளின் முகம்.

லைன் டான்ஸ் ஆசிரியர் பயிற்சியின் கடைசி மதியம். மேடையில் சின்னவள், காதோரம் மைக். எதிரே ஹால் நிறைய ஆட்கள், வரிசை வரிசையாக.

லைன் டான்ஸில் யாரும் யாரையும் தொடுவதில்லை. எல்லோரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் வைத்து, அடுத்த சுவரைப் பார்த்துத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். ஒருத்தர் மாறித் திரும்பினால் ஒளிய இடம் கிடையாது.

காலையில் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்த புது ஆட்டத்தை அவள் தடங்கல் இல்லாமல் நடத்திக் காட்டினால் சான்றிதழ். இல்லையென்றால் அடுத்த வருடம் வந்து பார்க்கலாம்.

ஆட்களைப் பார்த்தபடி நின்று நடத்தும்போது அவர்களுடைய இடது இவளுக்கு வலது. ஒரு மாதமாக அந்தக் கணக்கைத் தூக்கத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் புருஷன் இந்தப் பக்கம் புரண்டால் இவள் அந்தப் பக்கம் புரண்டு தரையில் விழுந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஏறியது. அந்த இடம் வந்தது.

"இடப்பக்கம் திரும்புங்க!"

ஹால் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல.

ஒரே ஒருத்தி மட்டும் கதவுப் பக்கம்.

இரண்டாம் வரிசை, ஓரம், மஞ்சள் சட்டை. மேடை விளக்கு கண்ணைக் கூசியதில் முகம் தெரியவில்லை.

"மஞ்ச சட்டைக்காரங்களே, எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் பாட்டு முடியலைங்க!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று, முன்வரிசை வரை போய், திரும்பி வந்தது.

மஞ்சள் சட்டை மேடையை நிமிர்ந்து பார்த்தது.

நாத்தனார்.

காலையில் நீலச் சட்டையில் கூடவே வந்தவர். சாப்பாட்டு வேளையில் அதில் டீ கொட்டிவிட்டதால் யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியிருக்கிறார்.

புருஷனின் அக்கா. இவளை முதன்முதலாக டான்ஸ் வகுப்புக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர். அடுப்படியில் குக்கர் விசிலைத் தாளமாக வைத்து முதல் அடி சொல்லிக்கொடுத்தவர். அந்த வீட்டில் அவரும் கடிகாரமும் வேறு வேறு மணி சொன்னால் கடிகாரத்தைத்தான் ரிப்பேருக்குக் கொடுப்பார்கள்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார் என்றால் கதவுப் பக்கம்தான் சரி.

மற்றவர்கள்? வரிசையில் நிற்பவர்களுக்குச் சொந்த புத்தி ஏது. மேடையில் இருப்பவள் கிணற்றைக் கைகாட்டினால் தாளம் தப்பாமல் கிணற்றில் இறங்குவார்கள்.

அவர்களுடைய இடதா, என்னுடைய இடதா? எதைச் சொன்னேன்?

நாத்தனார் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. குழந்தை சட்டையில் சாதத்தைக் கொட்டிக்கொண்டால் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, வரிசையோடு சேர்ந்து ஆடினார்.

ஏசி அப்போதுதான் நின்றது.

அவள் முகத்துச் சூடு தாங்காமல் முன்வரிசை ஓரடி பின்னால் நகர்ந்தது. அதுவும் ஆட்டத்தில் ஓர் அடிதான் என்று நினைத்து, பின்வரிசைகளும் அழகாக நகர்ந்தன.

பாட்டு முடிந்ததும் பயிற்சியாளர் கைதட்டிக்கொண்டே மேடைக்கு வந்தார்.

"பிரமாதமா நடத்துனீங்கம்மா."

பாவம், அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். 'தப்பா திருப்பிட்டேன் சார்' என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் கை வெட்கமில்லாமல் நீண்டு சான்றிதழை வாங்கிக்கொண்டது.

வெளியே நாத்தனார் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் மைக்ல அப்படி..."

"விடுடி. ஊரே தப்பா திரும்புது, நான் மட்டும் சரியா திரும்பி என்ன கிழிக்கப்போறேன்? தம்பிகிட்டகூட மூச்சு விடமாட்டேன், போதுமா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து பஸ்ஸில் நல்ல இருக்கை நாத்தனாருக்கு. குழம்பில் நல்ல துண்டு நாத்தனாருக்கு. அவருடைய முழங்கால் வலிக் கதையை ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவள்போல வாயைப் பிளந்து கேட்டாள். அவர் தும்மினால் இவள் மன்னிப்புக் கேட்டாள். சான்றிதழை அலமாரிக்குள் முதுகைக் காட்டி நிறுத்தியிருக்கிறாள்.

வகுப்பு நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். அந்த ஆட்டத்தை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தப் பாட்டு எந்தக் கடையிலாவது ஒலித்தால், முகத்தை மூடிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

எது சரி என்று பயிற்சியாளரையே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால்?

அந்த ஆட்டத்தை அமைத்தவர் அவரேதான். அவர் அமைத்தபடி, அந்த இடத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம்தான் திரும்ப வேண்டும்.