கன்னம் சிவந்த பிறகு

ஸ்கேன் திரையைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மருத்துவர் கருவியை வயிற்றில் அழுத்தினார். நகர்த்தினார். மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

திரையில் எதையோ அளந்தார்.

போன மாதம் மகள் நிறைமதிக்கு முதலில் வெறும் சளிதான். பிறகு இரண்டு கன்னங்களும் யாரோ அறைந்ததுபோல் சிவந்தன. பள்ளியில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தானாகப் போய்விடும் என்றார்கள். போய்விட்டது.

அதற்குள் இவளுக்கு விரல் மூட்டுகள் வலித்தன. ரத்தப் பரிசோதனையில், மகளிடமிருந்து ஒட்டிய பார்வோ வைரஸ் என்று வந்தது.

வயிற்றில் ஐந்து மாதம்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில சமயம் கருவுக்கு ரத்தம் குறைந்துவிடும் என்றார்கள்.

அன்றே மாமியார் வந்து நிறைமதியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இவள் தடுக்கவில்லை.

மருத்துவர் கருவியை எடுத்தார். "பாப்பா தலைக்குள்ள ரத்த ஓட்டம் சரியா இருக்கும்மா. ரத்தசோகை இல்ல. அடுத்த வாரமும் பாத்துருவோம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"என் பொண்ண எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம் டாக்டர்?"

"அவள எதுக்கு அனுப்புனீங்க? கன்னம் சிவக்கதுக்கு முன்னாடியேதான் அது ஒட்டும். சிவந்தப்புறம் ஒட்டாது."

ஆட்டோ பாளையங்கோட்டையில் மாமியார் வீடு போய்ச் சேரும்வரை அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

நிறைமதி வாசலுக்கு ஓடிவந்தாள். பாதியில் நின்றாள்.

"வா மதி."

வரவில்லை.

"நான் மூச்சு விட்டதாலதான் பாப்பாவுக்குச் சீக்காம்மா?"

அடுக்களையில் மாமியார் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

"யாருட்டி சொன்னா மதி?"

குழந்தை அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பாப்பா நல்லாருக்கு. நீ ஒண்ணுமே செய்யல."

நிறைமதி மெதுவாக வந்தாள். அம்மாவின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அவள் மகளின் முதுகைத் தடவினாள்.

அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்கவில்லை.

"மூச்சு விடு மதி."

இல்லை.

"மதி, மூச்சு விடு!"

நிறைமதி தலையைத் தூக்கினாள். முகத்தை நன்றாகத் திருப்பி, தெருப் பக்கமாக மூச்சை விட்டாள்.