எழுத்தில்லாத கட்டைகள்

"பாக்க லட்சணமா இருந்தா ஆச்சா? எழுத்தே இல்லாத கீபோர்டுல நான் எப்படிங்க அடிக்கிறது?" வாங்கிய அன்றே செல்வகனி கணவனிடம் சண்டை பிடித்தாள். "எழுத்து போட்டா மூஞ்சில பச்சை குத்துன மாதிரி இருக்கும்டி. விரலுக்கு வழி தெரியும்," என்று சிரித்தான் எபனேசர். அவன் இறந்து நாற்பது நாளாயிற்று. தான் பாடும் பாட்டுகளைப் பதிந்து வைக்க மட்டுமே அவன் திறந்த கணினியின் கீபோர்டு அது. பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதில்லை. அவன் குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு. சாய்ந்த வெயிலில் இன்றுதான் கவனித்தாள்: வெள்ளைக் கட்டைகளில் ஆறு மட்டும் அவன் விரல்பட்டுப் பழுப்பேறியிருந்தன. பாஸ்வேர்டில் எது முதலில் என்றுதான் தெரியவில்லை. தயங்கி விரலை நீட்டினாள். தொடுவதற்கு முன்பே அந்த ஆறில் ஓரத்துக் கட்டை ஒன்று தானாக அமுங்கி எழுந்தது. அதன்மேல் விரலை வைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்திவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.